சிறிய நினைவகத்தில் லினக்ஸ் டிரைவர்: தரவுக் கட்டமைப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் உள்ள ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறேன். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் எங்கள் பகுதிக் கால்வாய்களில் எவ்வளவு உயரத்துக்கு ஓடுகிறது என்பதை அளந்து பதியும் கருவிகளைச் செய்கிறோம். 32 பிட் ஆர்ம் செயலியும் 64 எம்பி நினைவகமும் கொண்ட சிறு போர்டு, அதில் லினக்ஸ், ஆர்எஸ்-485 கம்பியில் 32 சென்சார்கள், கருவி அவ்வளவுதான். அந்த சென்சார்களிடமிருந்து அளவுகளை வாங்கும் டிரைவரை நான் முதன்முதலாக எழுதியபோது அது மேசைமேல் நாள் முழுவதும் வேலை நேரத்தில் பிழையின்றி ஓடியது. கால்வாய்க் கரையில் வைத்தபின் ஏறத்தாழ இருபதாவது மணி நேரத்தில் பதிவு நின்றது. மறுபடி இயக்கினால் மறுநாளும் அதே நேரத்தில் நின்றது.

நான்கு வாரம் கம்பியையும் மின்சாரத்தையும் சந்தேகப்பட்டேன். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி; டிரைவர் இதற்குள்தான் ஓடும்) பதிவில் நினைவகப் பற்றாக்குறையால் நிறுத்தப்பட்டதாக எழுதியிருந்தது எங்கள் தரவு அனுப்பும் நிரலின் பெயர் என்பதால், அந்த நிரலையே இரண்டு முறை திருத்தி எழுதினேன். குற்றம் அதில் இல்லை. டிரைவர் வாங்கி வைத்திருக்கும் நினைவகத்தைக் கெர்னலால் பிடுங்க முடியாது. ஆகவே பற்றாக்குறை வந்தால் அது தனக்கு வெளியே ஓடும் ஒரு பயனர் நிரலைத்தான் நிறுத்தும். உங்கள் கருவியில் ஒரு நிரல் இப்படிச் செத்தால், அந்த நிரலைக் குறை சொல்வதற்கு முன் டிரைவரைப் பாருங்கள். நான் இழந்த நான்கு வாரத்தை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

நிரல் எழுத உட்காருவதற்கு முன் நான்கு ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் செயலியின் கையேடு. அதில் தேவைப்படுவது கேஷ் வரியின் (செயலி ஒரே முறையில் நினைவகத்திலிருந்து எடுக்கும் தொகுதியின்) அளவு, சீரியல் போர்ட்டின் உள் பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) ஆழம், டிஎம்ஏ (செயலியை ஈடுபடுத்தாமல் தரவை நகர்த்தும் வசதி) இருக்கிறதா என்ற மூன்று விவரங்கள் மட்டுமே. சில தயாரிப்பாளர்கள் முழுக் கையேட்டை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே தருவார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் போர்டு வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, சென்சார் பேசும் நெறிமுறையின் ஆவணம். எங்கள் சென்சார்கள் பேசுவது மோட்பஸ். அதன் ஆவணம் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்றாவது, உங்கள் போர்டில் ஓடும் கெர்னலில் எந்த வசதிகள் சேர்க்கப்பட்டுள்ளன என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பு. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கெர்னலுடையது உதவாது. நான்காவது, அதே பதிப்புக் கெர்னல் மூலநிரலுக்குள் இருக்கும் ஆவண அடைவு. அதில் கோர்-ஏபிஐ என்ற பகுதியில் நினைவகம் வாங்குவது பற்றிய பக்கத்தையும் எக்ஸ்அரே (எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய பொருளைத் தரும் கட்டமைப்பு) பற்றிய பக்கத்தையும் முழுவதும் படியுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

2. கணக்கைத் தாளில் போடுங்கள்

எத்தனை பதிவுகள், எவ்வளவு வேகத்தில் வருகின்றன, எவ்வளவு நேரம் கெர்னலுக்குள் தங்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எண்ணில் விடை எழுதாமல் எந்தக் கட்டமைப்பையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

என் கணக்கு இது. 32 சென்சார்கள், 10 விநாடிக்கு ஒரு அளவு. ஒரு நாளைக்கு 2,76,480 பதிவுகள். இணையத் தொடர்பு அறுந்தால் ஒரு நாள் தரவையும் காப்பாற்ற வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் டிரைவருக்குள் லிங்க்டு லிஸ்டாக, அதாவது ஒவ்வொரு பதிவும் தன் முன்பின் பதிவுகளின் முகவரியை (பாயிண்டரை) வைத்திருக்கும் சங்கிலியாக, கோத்து வைத்தேன். ஒரு பதிவின் அளவு 32 பைட்; லிஸ்டின் முன்பின் பாயிண்டர்கள் 8 பைட்; ஆக 40. 40 பைட் வீதம் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 11 எம்பி. கெர்னலும் மற்ற நிரல்களும் போக மிஞ்சியிருந்தது 14 எம்பி என்பதால் தாராளமாகப் போதும் என்று நம்பினேன். அந்தக் கணக்கு எங்கே தவறியது என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

ஆனால் அதைவிடப் பெரிய தவறு மூன்றாவது கேள்விக்கு நான் தந்த விடை. ஒரு நாள் தரவு கெர்னலுக்குள் இருக்க வேண்டிய தேவையே இல்லை. அதைப் பயனர் நிரல் எடுத்து ஃபிளாஷில் ஒரு கோப்பாக எழுதிவைக்கலாம். டிரைவர் தாங்க வேண்டியது, அந்த நிரல் நின்று மறுபடி எழும் வரையிலான நேரத்தை மட்டுமே. தாராளமாக 10 நிமிடம் என்று வைத்தாலும் 1,920 பதிவுகள்தான். எந்தக் கட்டமைப்பு மாற்றமும் தராத மிச்சத்தை இந்த ஒரு கேள்வி தந்தது.

நினைவகச் சில்லைப் பெரிதாக்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள், என்னிடமும் கேட்டார்கள். எங்கள் போர்டுகள் கோவையில் பொருத்தப்படுகின்றன. வாளையாறு எல்லை தாண்டி ஜாப் ஒர்க்குக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், அதன் மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இ-வே பில் போட வேண்டும். டெலிவரி சலானும் கூடவே போக வேண்டும். சில்லின் விலை, பொருத்தும் கூலி, போய்வரும் நாட்கள், கால்வாயில் கருவி இல்லாத நாட்கள் எல்லாம் அதற்குமேல். நிரலைத் திருத்த எனக்குப் பிடித்தது மூன்று நாள்.

3. கேமாலக் உண்மையில் எத்தனை பைட் தருகிறது?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி இது. கெர்னலில் நினைவகம் வாங்கித் தரும் கேமாலக் மூலம் 40 பைட் கேட்டால் 40 பைட் கிடைப்பதில்லை. அது முன்கூட்டியே வெட்டி வைத்த துண்டுகளிலிருந்து, நீங்கள் கேட்டதற்குச் சமமான அல்லது அடுத்த பெரிய துண்டை எடுத்துத் தருகிறது. 64, 128, 192, 256, 512, 1024 என்று போகும் அளவுகளில், 520 பைட் கேட்டவருக்குக் கிடைப்பது 1024. 32 பிட் ஆர்ம்வி7 போர்டுகளில் பொதுவாகக் கேஷ் வரி 64 பைட் என்று வைக்கப்பட்டிருப்பதால், மிகச் சிறிய துண்டே 64 பைட்தான். 20 கேட்டாலும் 64, 40 கேட்டாலும் 64. 64 பிட் ஆர்மில் முன்பு 128 ஆக இருந்த இந்த வரம்பு கெர்னலின் 6.5 பதிப்பிலிருந்து தளர்த்தப்பட்டுவிட்டது. ஆகவே உங்கள் செயலியையும் பதிப்பையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது என் கணக்கை மறுபடி போடுங்கள். பதிவுக்கு 64 பைட் வீதம் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 17 எம்பி. இருந்தது 14. விநாடிக்கு 3.2 பதிவு வீதம் 14 எம்பி நிரம்புவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் 20 மணி நேரம் வருகிறது. கருவி நின்றுகொண்டிருந்ததும் அதே நேரத்தில்தான். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் கால்வாய்க் கரைக்குப் போக வேண்டிய வேலையே இருந்திருக்காது.

பெரிய அளவுகளிலும் இதே சிக்கல் உண்டு. 8192 பைட்டுக்கு மேல் கேட்டால் கேமாலக் முழுப் பக்கங்களாக, அதுவும் 2, 4, 8 என்று இரட்டிக்கும் எண்ணிக்கையில் தருகிறது. பக்கம் 4096 பைட் என்றால், 24 கேபி கேட்டவர் வாங்குவது 32 கேபி.

4. ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்

என் பழைய பதிவின் ஸ்ட்ரக்டில் (பல உறுப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் வடிவில்) உறுப்புகள் இந்த வரிசையில் இருந்தன: சென்சார் முகவரி 1 பைட், நேரம் 8 பைட், நிலை 1 பைட், அளவு 4 பைட், வரிசை எண் 2 பைட். கூட்டினால் 16. ஆனால் 8 பைட் எண் 8-இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்பதால் முகவரிக்குப் பின் 7 பைட் வெற்றிடம், நிலைக்குப் பின் 3, கடைசியில் 6. ஆக 32. பெரியதிலிருந்து சிறியதற்கு வரிசைப்படுத்தி நேரம், அளவு, வரிசை எண், முகவரி, நிலை என்று எழுதியவுடன் சரியாக 16 ஆனது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். பாஹோல் என்ற கருவி இருக்கிறது. லினக்ஸ் வினியோகங்களில் ட்வார்வ்ஸ் என்ற தொகுப்பில் வரும். டிபக் (பிழைதேட உதவும்) தகவலோடு கம்பைல் செய்த உங்கள் மாட்யூலை (டிரைவர் கோப்பை) அதனிடம் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்ட்ரக்டிலும் எங்கே எத்தனை பைட் ஓட்டை என்பதை அச்சிட்டுத் தருகிறது. கான்ஃபிக் கோப்பில் டிபக் தகவல் நிறுத்தப்பட்டிருந்தால் அது ஒன்றும் சொல்லாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வரிசையை மாற்றுவதற்குச் சோம்பி, பேக்டு என்ற குறிப்பைப் போட்டு ஓட்டைகளை நசுக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் உறுப்புகள் ஒழுங்கற்ற முகவரியில் விழும். கம்பைலர் அவற்றைத் துண்டு துண்டாகப் படிக்கும். அந்த உறுப்பின் முகவரியைப் பாயிண்டராக வேறு செயல்பாட்டுக்கு (ஃபங்ஷனுக்கு) கொடுத்தால் சில செயலிகளில் பிழையே எழும். வன்பொருளோ நெறிமுறையோ பைட் வரிசையை நிர்ணயித்திருக்கும் இடத்தில் மட்டும் பேக்டு பயன்படுத்துங்கள்.

சிறு நிலைக் குறிகளை 1 பிட் உறுப்புகளாக ஒரே சொல்லுக்குள் (செயலி ஒரே செயலில் கையாளும் 32 பிட் தொகுதிக்குள்) அடுக்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. அடுத்தடுத்த பிட் உறுப்புகள் ஒரே நினைவகச் சொல்லில் இருப்பதால், இன்டரப்ட் (வன்பொருள் அழைத்தவுடன் நடுவே புகுந்து ஓடும் நிரல்) ஒன்றையும் சாதாரண நிரல் மற்றொன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார். அந்த இடத்தில் கெர்னலின் பிட்மேப்பையும், பிட்டை அணுநிலையில் (இடையில் யாரும் புக முடியாதபடி ஒரே அடியில்) மாற்றும் செட்-பிட் செயல்பாடுகளையும் பயன்படுத்துங்கள். 32 சென்சார்களில் எவை உயிரோடு இருக்கின்றன என்பதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு 32 பிட் சொல்.

5. வேலைக்கு ஏற்ற கட்டமைப்பு

வந்த வரிசையில் போகும் தரவுக்கு கேஃபிஃபோ என்ற சுழல் வரிசையே என் முதல் தேர்வு. ஒவ்வொரு பதிவுக்கும் பாயிண்டர் கிடையாது, தனித்தனியாக நினைவகம் வாங்குவது கிடையாது, 64 பைட் கேஷ் வரியில் என் பதிவுகள் நான்கு அடுத்தடுத்து உட்காருகின்றன. எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்றிருந்தால், இருவர் ஒரே நேரத்தில் மாற்றுவதைத் தடுக்கும் பூட்டும் தேவையில்லை. இந்த நிபந்தனையைக் கவனமாகப் படியுங்கள்: உங்கள் சாதனக் கோப்பை இரண்டு நிரல்கள் திறந்து படிக்க முடியும் என்றால் படிப்பவர் இருவர், படிக்கும் பக்கத்துக்குப் பூட்டு வேண்டும்.

கேஃபிஃபோவின் கொள்ளளவு 2-இன் அடுக்காகத்தான் இருக்கும். 1,920 பதிவு கேட்டு அதையே நினைவகம் வாங்கவும் சொன்னால், மேல்நோக்கி 2,048 ஆக்கிக்கொள்ளும். ஆனால் நீங்களே வாங்கிய பஃபரை அதனிடம் கொடுத்துத் தொடங்கினால் கீழ்நோக்கி வெட்டும். 1,920 பதிவுக்கு இடம் கொடுத்தாலும் 1,024-ஐ மட்டும் பயன்படுத்தி மிச்சத்தைச் சும்மா விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

2,048 பதிவு, பதிவுக்கு 16 பைட். மொத்தம் 32 கேபி. 17 எம்பியிலிருந்து 32 கேபி. அதற்குமேலும் சுருக்கலாமே என்று நேரத்தை 8 பைட்டிலிருந்து 4 பைட்டாக்கிப் பதிவை 12 பைட்டாக்கினேன். 24 கேபி ஆக வேண்டும். ஆனால் மூன்றாம் படியில் சொன்னபடி கேமாலக் அதற்கும் 32 கேபியைத்தான் எடுத்தது. உழைப்பு வீண்; நேரம் 32 பிட்டில் சுற்றி வருவதைக் கையாளும் கூடுதல் நிரல் மட்டும் மிச்சம். பழையபடி 16-க்கே திரும்பினேன். சுருக்குவதற்கு முன், சுருக்கியபின் எந்தத் துண்டில் விழும் என்று பார்த்துவிடுங்கள்.

வரிசை நிரம்பினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். பழையதை எறிந்து புதியதை ஏற்கலாம் என்று தோன்றும். ஆனால் பழையதை எறிவதற்கு எழுதுபவர் படிப்பவரின் குறியை நகர்த்த வேண்டும். பூட்டில்லாத வசதி அதோடு போய்விடும். நான் புதியதை விட்டுவிட்டு, எத்தனை விடப்பட்டன என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து, அதைப் பயனர் நிரல் படிக்கும்படி செய்தேன்.

கம்பியிலிருந்து வரும் பைட்டுகளுக்குத் தனியாக ஒரு சிறு வரிசை. 9600 வேகத்தில், ஓர் எழுத்துக்கு 11 பிட் என்றால் விநாடிக்கு சுமார் 872 பைட் வரலாம். மோட்பஸின் மிக நீண்ட செய்தி 256 பைட். ஒரு முழுச் செய்தியும் அடுத்ததன் தொடக்கமும் தங்கினால் போதும் என்பதால் 512 பைட் வைத்தேன். என் பழைய நிரலில் இது 64 கேபி. காரணம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அடுத்தது தேடல்: ஒரு பதில் வந்தவுடன் அது எந்த சென்சாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். மோட்பஸில் சென்சார் முகவரி 1 முதல் 247 வரை. இங்கே நான்கு வழிகளைத் தாளில் ஒப்பிட்டேன். 248 பாயிண்டர் கொண்ட அரே (அடுத்தடுத்து அடுக்கிய பட்டியல்) என்றால் 992 பைட், கேமாலக்கில் 1024. எக்ஸ்அரே 4.20 பதிப்பில் வந்த நல்ல கட்டமைப்பு. அடுத்தடுத்த எண்களாக வரும் குறியீடுகளுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அதன் ஒவ்வொரு கணுவிலும் வழக்கமாக 64 இடங்கள். 32 பிட்டில் இடங்களுக்கு மட்டும் 256 பைட். என் 32 சென்சார்களும் 1 முதல் 247 வரை சிதறிக் கிடந்ததால் நான்கு இலைக் கணுக்களும் மேலே ஒன்றும் தேவைப்பட்டு, வெறும் அரேயைவிட அதிகமாகவே பிடித்தது. முகவரிகளைப் பல சங்கிலிகளாகப் பிரித்து வைக்கும் ஹாஷ் டேபிள், 16 தலைகளோடு (சங்கிலித் தொடக்கங்களோடு) 64 பைட். சென்சார் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 8 பைட். வரிசைப்படி தேட உதவும் சிவப்பு-கறுப்பு மரத்துக்கு சென்சாருக்கு 12 பைட். 32 பேருக்கு மரம் கட்டுவது தேவையற்றது.

கடைசியில் தேர்ந்தெடுத்தது இவற்றில் எதுவுமில்லை. 32 சென்சார்களின் விவரங்களையும் ஒரே அரேயாக அடுக்கிவிட்டு, முகவரியை அந்த அரேயின் வரிசை எண்ணாக மாற்றும் 248 பைட் அட்டவணை ஒன்றை வைத்தேன். ஒரு முகவரிக்கு ஒரு பைட். நேராகப் போய் எடுக்கலாம். தேடல் என்பதே இல்லை. எண்ணிக்கைக்கு உறுதியான மேல்வரம்பு இருக்கும் இடத்தில் இந்த எளிய அட்டவணையை வெல்லும் கட்டமைப்பை நான் இதுவரை பார்க்கவில்லை.

லிங்க்டு லிஸ்டை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. நடுவிலிருந்து அடிக்கடி எடுக்க வேண்டிய, ஏற்கெனவே பெரிதாக இருக்கும் சில பொருட்களைக் கோக்க அது சரியானது. 200 பைட் பொருளுக்கு 8 பைட் பாயிண்டர் சுமையல்ல. 16 பைட் பொருளுக்குச் சுமை.

6. எப்போது வாங்குவது, எதன் மூலம் வாங்குவது

இன்டரப்டுக்குள் தூங்க (காத்திருக்க) முடியாது என்பதால் அங்கே, காத்திருக்க அனுமதிக்கும் ஜிஎஃப்பி கெர்னல் என்ற குறியோடு நினைவகம் கேட்கக் கூடாது. காத்திருக்காத ஜிஎஃப்பி அட்டாமிக் கேட்கலாம், ஆனால் நெருக்கடியில் அது கிடைக்காமல் போகும், அதை எதிர்பார்த்தே எழுத வேண்டும். இன்டரப்டில் எதையுமே வாங்காமல் இருப்பதுதான் நல்லது. 32 கேபி என்பது அடுத்தடுத்த 8 பக்கங்கள். பல நாள் ஓடித் துண்டுபட்ட நினைவகத்தில் அது கிடைப்பது அரிதாகும். ஆகவே சாதனம் கண்டறியப்பட்டதும் ஓடும், டிரைவரின் ப்ரோப் செயல்பாட்டிலேயே எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிடுங்கள்.

சாதனம் போகும்போது தானாகவே விடுவிக்கும் டெவ்எம் வகைச் செயல்பாடுகள் ப்ரோப்பில் வாங்கும் ஒன்றிரண்டு பெரிய பொருட்களுக்கு வரப்பிரசாதம். சிறு பொருட்களுக்கு அல்ல: ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தலைப்புப் பகுதி சேர்கிறது, 64 பைட் ஒழுங்கில் (எல்லாம் 64-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்ற இடத்தில்) அதுவே 64 பைட் எடுத்துக்கொள்கிறது. 16 பைட் பொருள் இப்படி 128 பைட் துண்டில் போய் உட்காரும்.

டிஎம்ஏ கோஹரென்ட் (செயலியும் சாதனமும் ஒரே மாதிரிப் பார்க்கும்) நினைவகமும் குறைந்தது ஒரு முழுப் பக்கம் எடுக்கும். எதை எங்கே நகர்த்துவது என்று டிஎம்ஏவுக்குச் சொல்லும் 64 பைட் விவரிப்பான்கள் பல தேவைப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்காமல் டிஎம்ஏ பூலிலிருந்து எடுங்கள்.

செயல்பாட்டுக்குள் பெரிய அரேயை உள்ளூர் மாறியாக வைத்து மிச்சம் பிடிக்கவும் முயல வேண்டாம். 32 பிட் ஆர்மில் அவை உட்காரும் கெர்னல் ஸ்டாக் மொத்தமே 8 கேபி. ஒரு செயல்பாடு 1024 பைட்டைத் தாண்டினாலே கம்பைலர் எச்சரிக்கும்படி வழக்கமாக அமைத்திருப்பார்கள். அந்த எச்சரிக்கையை அணைத்துவிடாதீர்கள்.

7. அளந்து பார்க்க இரண்டு நாள் ஒதுக்குங்கள்

கேமாலக் வெட்டித் தரும் துண்டுகளின் தொகுதிக்கு ஸ்லாப் என்று பெயர். ப்ராக் அடைவில் உள்ள ஸ்லாப்இன்ஃபோ கோப்பை ரூட் உரிமையோடு திறந்தால், ஒவ்வொரு அளவுத் துண்டிலும் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பது தெரியும். மெம்இன்ஃபோவில் மீட்க முடியாத ஸ்லாப் என்ற வரியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியை இயக்கி 1 மணி நேரத்தில் ஒரு முறை, 24-இல் ஒரு முறை, 48-இல் ஒரு முறை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 64 பைட் துண்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் எங்கோ வாங்கியது திரும்பவில்லை.

அப்போது கெர்னலில் கேமெம்லீக் வசதியை இயக்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு முறை அது தானாகத் தேடி, யாரும் சுட்டாத துண்டுகளையும் அவற்றை வாங்கிய செயல்பாட்டையும் காட்டும். எந்தப் பாயிண்டராவது சுட்டிக்கொண்டிருக்கும் நினைவகத்தை அது கசிவாகக் கருதாது. என் பழைய லிஸ்ட் அப்படித்தான் அதன் கண்ணுக்குத் தப்பியது.

உங்கள் பொருளுக்கென்று தனிக் கேஷ் (ஒரே அளவுத் துண்டுகளின் சேமிப்பு; செயலியின் கேஷ் அல்ல) உருவாக்கியிருந்து அதன் பெயர் பட்டியலில் இல்லையென்றால் பதற வேண்டாம். ஒத்த அளவுடையவற்றைக் கெர்னல் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஸ்லாப் நோமெர்ஜ் என்ற பூட் அளவுருவைக் கொடுத்தால் தனித்தனியாகக் காட்டும்.

கேமெம்லீக்கும் ஸ்லாப் பிழைதேடும் வசதிகளும் தாங்களே நினைவகம் தின்பவை; பிந்தையது ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கிவிடும். ஆகவே கடைசி 48 மணி நேர ஓட்டத்தை, இவை இரண்டையும் நீக்கிய, கால்வாய்க்குப் போகப்போகும் அதே கெர்னலில் நடத்தி, அந்த எண்களையே கருவியின் ஆவணத்தில் எழுதிவையுங்கள்.